பெர்மெத்ரின் தடவியும் சிரங்கு திரும்புகிறது, மாத்திரைக்கு மாறலாமா?

மாற அவசரமில்லை. பெர்மெத்ரின் 5% களிம்பு, ஐவர்மெக்டின் மாத்திரை இரண்டுமே முறையாக எடுத்தால் சிரங்கு போகும். மன்னார்குடி வீட்டில் எட்டுப் பேர் இருக்க, அரிப்பு வந்த இருவர் மட்டும் தடவியதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கும். முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே சில வாரம் ஆகும். அதற்குள் ஒரே பாயில் படுப்பவருக்கும் பரவிவிடும்.

எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவுங்கள். விரலிடுக்கு, நகத்தடி, தொப்புள், அரைஞாண் கயிற்றின் அடி எதையும் விடாதீர்கள். 8 முதல் 14 மணி நேரம் இருக்கட்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும், பலர் இதைத்தான் மறக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. களிம்பு தடவும் அன்றே துணி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள்.

இத்தனை பேருக்குத் தடவ முடியாதென்றால் மாத்திரை வசதிதான். ஆனால் எடை பார்த்து அளவு சொல்ல மருத்துவர் வேண்டும். கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் வழக்கமாகத் தருவதில்லை.

அப்புறம், புதுக் கொப்புளம் வருகிறதா பாருங்கள். வந்தால் சிரங்கு இன்னும் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். சிரங்கை உண்டாக்கும் பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் வெறும் அரிப்பு இருக்கும். சிரங்கு இல்லாமல் வெறும் நெல் சுணை அரிப்பு என்றால் குளித்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.