லீஸில் எடுத்த மின்சார கார் சொன்ன தூரம் ஓடவில்லை: பாதியில் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: தாம்பரத்தில் குடியிருக்கிறேன். ஐ.டி. நிறுவனத்தில் வேலை. நிறுவனத்தின் கார் லீஸ் திட்டத்தில் மின்சார கார் எடுத்து 10 மாதம் ஆகிறது. மொத்தம் 48 மாத லீஸ். மாதம் ₹32,500 சம்பளத்தில் பிடித்தம். பேட்டரி 48 யூனிட். விளம்பரத்தில் 480 கி.மீ. ஓடும் என்று போட்டிருந்தார்கள். ஷோரூம் விற்பனையாளர், “ஏ.சி. போட்டே 420 வரும் சார், திருச்சிக்கு ஒரே சார்ஜ் போதும்” என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். உண்மையில் நகரத்துக்குள் 320தான் வருகிறது. நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போனால் 265. பெற்றோரைப் பார்க்க மாதம் இருமுறை திருச்சி போகிறேன். ஒவ்வொரு முறையும் விழுப்புரத்தில் சார்ஜருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காரைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றால் மீதி 38 மாத வாடகையில் பாதி, அதாவது ₹6,17,500 கட்டச் சொல்கிறார்கள். வாடகையை நிறுத்திவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வாடகையை நிறுத்த வேண்டாம். லீஸ் ஒப்பந்தங்களில், கார் பழுதானாலும் ஓடாமல் நின்றாலும் வாடகை கட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை ஏறக்குறைய எப்போதும் இருக்கும். நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். காரை எடுத்துக்கொண்டு போவார்கள், காலத்துக்கு முன்பே லீஸை முடிப்பதற்கான முன்முடிப்புத் தொகையையும் உங்கள் நிறுவனம் வழியாக உங்கள் கணக்கிலேயே பிடிப்பார்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அந்த வாய்ப்பை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கக் கூடாது. “ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்” என்று லீஸ் நிறுவனத்துக்கும் உங்கள் மனிதவளப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத் தொடர்ந்து கட்டுங்கள்.

அடுத்து, உங்கள் பிரச்சினை காரின் குறையா, விற்றவர் சொன்ன வார்த்தையின் குறையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் வழக்கு வேறு, பொறுப்பாளி வேறு, கிடைக்கும் நிவாரணமும் வேறு. இதைப் பிரிக்காமல் “ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) வரவில்லை” என்று மட்டும் மனுவில் எழுதினால், உற்பத்தியாளர் 480 கி.மீ.க்கான சோதனைச் சான்றிதழைக் காட்டி எளிதாக வெளியே போய்விடுவார்.

அந்த 480 என்பது எம்.ஐ.டி.சி. என்ற இந்திய ஓட்டச் சுழற்சியில், அதாவது நிர்ணயித்த மாதிரி ஓட்டச் சோதனையில், அளந்த எண். காரை ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, குறித்த வேகங்களில் ஓட்டிப் பார்ப்பார்கள். உச்ச வேகம் 90, சராசரி வேகம் 32 கி.மீ. அளவுதான். நெடுஞ்சாலையில் 100-ல் போகும்போது காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அங்கே ரேஞ்ச் விழுகிறது. நகரத்தில் விழுவதற்குக் காரணம் ஏ.சி. சென்னை வெயிலில் ஏ.சி. மணிக்கு 1 முதல் 1.5 யூனிட் வரை இழுக்கும். சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 100 கி.மீ. கடக்க 5 மணி நேரம் ஆகிறது; ஏ.சி.க்கு மட்டும் 5 முதல் 7.5 யூனிட் போகும். அதே 100 கி.மீ.யை நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் கடந்தால் ஏ.சி. செலவு 1.5 யூனிட்டைத் தாண்டாது.

இந்த இடைவெளி உற்பத்தியாளர்களுக்குத் தெரியாததல்ல. டாடா நிறுவனம் 2024-ல் கர்வ் மின்சார காரின் 55 யூனிட் வகைக்கு, சான்று பெற்ற 585 கி.மீ. என்ற எண்ணோடு, நிஜப் பயன்பாட்டில் 400 முதல் 425 கி.மீ. என்று ‘சி75’ என்ற பெயரில் இன்னொரு எண்ணையும் வெளியிட்டது. சாலையில் என்ன வரும் என்பதைத் தொழில்துறையால் முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். உங்கள் வழக்கில் இதைச் சுட்டிக்காட்டலாம்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். 48 யூனிட்டில் 265 கி.மீ. என்றால் 100 கி.மீ.க்குச் சுமார் 18 யூனிட். 320 என்றால் 15 யூனிட். இந்த அளவு காருக்கு 100 கி.மீ. வேகத்தில் 18 யூனிட் என்பதும் நெரிசலில் ஏ.சி.யோடு 15 யூனிட் என்பதும் இயல்பான செலவே. ஆகவே உங்கள் கார் பழுதில்லாத காராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இது நீங்கள் எழுதிய தூரத்தை வைத்துப் போட்ட கணக்கு. காரின் திரை என்ன காட்டுகிறது என்பதையும் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

டயரில் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று நிரப்புங்கள். இரவு 100% வரை சார்ஜ் ஏற்றி, காலையில் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கித் திரையைப் படம் எடுங்கள். திருச்சிப் பாதையில் வழக்கம்போல ஓட்டி, 20%க்கு வந்ததும் தூரம், 100 கி.மீ.க்கான சராசரி செலவு, மீதி சதவீதம் மூன்றும் ஒரே படத்தில் விழும்படி மறுபடி எடுங்கள். உதாரணமாக 212 கி.மீ. ஓடி, செலவு 18 யூனிட் என்று காட்டினால், பேட்டரி 38 யூனிட் கொடுத்திருக்கிறது. அது 80%க்கு, முழுமைக்குக் கணக்கிட்டால் 48 வருகிறது. பேட்டரி சரியாக இருக்கிறது. அதே 212 கி.மீ.க்குச் செலவு 14 என்று காட்டினால், பேட்டரி கொடுத்தது 30 யூனிட்தான், முழுமைக்கு 37. பத்து மாதக் காரில் 48 இருக்க வேண்டிய இடத்தில் 37 என்றால் அது பேட்டரிக் குறை, வாரண்டி விவகாரம். வெவ்வேறு நாள்களில் மூன்று முறையாவது இதைச் செய்யுங்கள். ஒரே ஒரு ஓட்டத்தை ‘அன்று மழை, எதிர்க்காற்று’ என்று தள்ளிவிடுவார்கள். வீட்டு மீட்டர் கணக்கை இதில் கலக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போதே 10 முதல் 15% வரை வீணாகும் என்பதால் அந்த எண் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அதில் மின்னழுத்தம் பெரிதாக மாறாததால், நெடுநாள் 80%ஓடு சார்ஜை நிறுத்திக்கொண்டிருந்தால் திரையில் காட்டும் சதவீதமே பிசகிவிடும். கையேட்டில் சொன்ன இடைவெளியில் 100% ஏற்றிய பிறகு சோதனை செய்யுங்கள். இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டர் அதையே காரணமாகச் சொல்லும்.

குறை தெரிந்தால் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். பல வழக்குகள் கெட்டுப்போவது அங்கேதான். நீங்கள் பேட்டரியைப் பற்றிச் சொல்வீர்கள். புகாரையும் வேலையையும் பதியும் ஜாப் கார்டில் அவர்கள் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். இரண்டு ஆண்டு கழித்து நுகர்வோர் ஆணையத்தின் முன் அந்தத் தாளை வைத்து, ‘வாடிக்கையாளர் ரேஞ்ச் பற்றிப் புகாரே சொல்லவில்லை’ என்பார்கள். “100%லிருந்து 20% வரை 212 கி.மீ., செலவு 14 யூனிட், பேட்டரி திறன் குறைவு என்று புகார்” என எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே நின்று அதே வாசகத்தை அவர்களுடைய அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பேட்டரி நலன் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது வாரண்டிப் புத்தகத்தில் இருக்கும். லீஸ் காரில் அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வந்திருக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

சோதனையில் கார் சரி என்று வந்தால், உங்கள் வழக்கு அந்த வாட்ஸ்அப் செய்தியின் மேல் நிற்கும். அது நல்ல அடித்தளம். 480 என்பது ‘சோதனைச் சூழலில்’ என்று அவர்கள் தப்பிக்கலாம். ஆனால் “ஏ.சி. போட்டே 420, திருச்சிக்கு ஒரே சார்ஜ்” என்பது சோதனைக்கூட எண் அல்ல, குறிப்பிட்ட சாலைக்கு, குறிப்பிட்ட வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்குறுதி. பொருளின் தரத்தையும் பயனையும் பற்றிப் பொய்யாகச் சொல்வது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)ன்படி முறையற்ற வணிக நடைமுறை. விளம்பரத்தையும் எடுத்துப் பாருங்கள். 2022-ல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதலின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பர வாசகத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும். தமிழில் பெரிதாக 480 என்று போட்டு, அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை போட்டிருந்தால் அந்தத் துறப்பை நீங்கள் எதிர்க்கலாம்.

எரிபொருள் சிக்கனம் பற்றிய தீர்ப்புகள் உங்களுக்குத் துணை நிற்கும். திருச்சூர் மாவட்ட ஆணையம் 2022-ல் தீர்த்த ஒரு வழக்கில், லிட்டருக்கு 32 கி.மீ. என்று பிரசுரத்தில் போட்ட டீசல் காரை நிபுணர் ஓட்டிப் பார்த்தபோது 19.6தான் வந்தது; மொத்தம் ₹3,10,000 கொடுக்க உத்தரவானது. 2004-ல் வாங்கிய மாருதி ஜென் காருக்கு 16 முதல் 18 என்று விளம்பரம் செய்து 10.2தான் வந்த வழக்கில், தேசிய ஆணையம் 2024 ஜனவரியில் ₹1 லட்சம் இழப்பீட்டை உறுதி செய்தது. தொகைகளையும் காலத்தையும் கவனியுங்கள். ₹6,17,500 முழுவதும் வந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

உங்கள் வழக்கில் முதல் ஆட்சேபணை, “நீங்கள் நுகர்வோரே அல்ல” என்பதாக இருக்கும். கார் லீஸ் நிறுவனத்தின் பேரில் இருக்கிறது. ஒப்பந்தம் அவர்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடையில். இதற்குப் பதில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-லேயே இருக்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும், சேவையின் பயனாளியும் நுகர்வோரே. ‘வணிக நோக்கம்’ என்ற வாதம் வந்தால், நிறுவனம் தன் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய கார் வணிக நோக்கத்துக்கானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் 2024 ஜூலையில் சொன்னதைக் காட்டுங்கள். சம்பளப் பிடித்தச் சீட்டுகளையும் காரைப் பயன்படுத்த நிறுவனம் கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் மனுவோடு இணைக்க வேண்டும். பணம் உங்கள் பையிலிருந்து போகிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

முன்முடிப்புத் தொகையில்தான் சிக்கல். அளவுக்கு மீறிய அபராதம் வைக்கும் ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று பிரிவு 2(46) சொல்கிறது. அதற்கான புகாரை மாவட்ட ஆணையத்தில் போட முடியாது, மாநில ஆணையத்தில்தான் போட வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு வணிகருக்கும் நுகர்வோருக்கும் இடையே ஆன ஒப்பந்தத்தைப் பற்றியது. உங்கள் லீஸில் கையெழுத்துப் போட்டது உங்கள் நிறுவனம். நேரடியாகத் தன் பெயரில் லீஸ் எடுத்தவருக்கு இருக்கும் அந்த வழி உங்களுக்கு அவ்வளவு உறுதியானதல்ல. எனவே அதை இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 வழியாக, உங்கள் நிறுவனத்தைக் கொண்டு பேசுங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பே; நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்பது உச்ச நீதிமன்றம் கைலாஷ்நாத் வழக்கில் 2015-ல் விளக்கிய சட்டம். பத்து மாதக் கார் திரும்ப அவர்கள் கைக்கு வருகிறது, அதை மறுபடி லீஸுக்கு விடலாம், விற்கலாம். அந்த வரவைக் கழித்துக் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். மூல லீஸ் ஒப்பந்தம், உங்கள் காருக்கான அட்டவணை இரண்டின் நகலையும் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். அதே அலுவலகத்தில் இன்னொரு ஊழியர் பேருக்குக் காரை மாற்றிக் கொடுக்க விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். தினம் 60 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு இந்தக் காரில் ஒரு குறையும் தெரியாது. உங்களுக்கு மிக மலிவான வெளிவாசல் அதுவாகவே இருக்கலாம்.

மாற்ற வழியில்லை என்றால், உற்பத்தியாளர், ஷோரூம், லீஸ் நிறுவனம் மூவருக்கும் ஸ்பீடு போஸ்டில் 15 நாள் கெடுவோடு அறிவிப்பு அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. உங்கள் நிறுவனத்தை, அதனிடம் பரிகாரம் எதுவும் கேட்காமல், ஒரு தரப்பாக மட்டும் சேர்த்தால் போதும். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே போடலாம். 48 மாத வாடகையும் சேர்த்தாலே ₹15,60,000தான். மாவட்ட ஆணையத்தின் ₹50 லட்சம் வரம்புக்குள் வருகிறது, கட்டணம் ₹400க்கு மேல் போகாது. ஒப்பந்தத்தில், தகராறை நடுவரிடமே தீர்க்க வேண்டும் என்ற நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது; எமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது.

காரின் முழு விலையைத் திருப்பிக் கேட்காதீர்கள். அதை நீங்கள் கொடுக்கவில்லை. முன்முடிப்புத் தொகையை உற்பத்தியாளரும் ஷோரூமும் ஏற்க வேண்டும், அல்லது மீதிக் காலத்துக்கு வாடகை வித்தியாசம் தர வேண்டும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித் தொகை என்று கேளுங்கள். காரை நிபுணர் சோதிக்க வேண்டும் என்று தனி மனுவும் கொடுங்கள். ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. அதன் பெயரை நீங்களே முன்மொழியலாம்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் பிரதி மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் பிரிவு 63ன்படியான சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஒரு பகுதி உங்கள் கையெழுத்து, மற்றது நிபுணர் கையெழுத்து. கார் செயலியில் இருக்கும் ஓட்டப் பதிவுகளையும் இப்போதே இறக்கி வையுங்கள். காரைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே செயலியில் உங்கள் நுழைவு ரத்தாகலாம்.

வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. வாக்குறுதி பொய்யானது தெரிந்த நாளை எதிர்த்தரப்பு கார் டெலிவரி ஆன நாள் என்றே வாதிடும். எனவே டெலிவரி தேதியிலிருந்தே எண்ணுங்கள். உங்களுக்கு இன்னும் 14 மாதம் இருக்கிறது. அறிவிப்பு அனுப்புவதாலோ சமரசம் பேசுவதாலோ அந்தக் கெடு நீளாது.