பத்து வருஷம் தாங்கும் இணையதளம்: கேள்வி பதில்

கே: புதிதாகத் தளம் தொடங்குகிறேன். பத்து வருஷம் கழித்தும் பழசாகத் தெரியக் கூடாது. எந்தத் தொழில்நுட்பத்தில் கட்டலாம் சார்?

பழசாகத் தெரிந்தால் பரவாயில்லை, திறக்காமல் போனால்தான் வம்பு. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் போட்ட முதல் தளத்தின் 1992 பிரதி இன்றைய மொபைலிலும் திறக்கிறது. காரணம், அது வெறும் எச்டிஎம்எல், பக்கங்களை எழுதும் அடிப்படைக் குறிமொழி. அதற்குப் பிறகு வந்து ஜொலித்த, பக்கங்களை ஆட வைக்கும் ஃபிளாஷ் மென்பொருளை 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி மூட்டைகட்டிவிட்டது. நானே ஒரு நகைக்கடைக்கு முழுத் தளத்தையும் ஃபிளாஷில் செய்து காசு வாங்கியவன்தான். இன்று அதில் ஒரு வரி பாக்கி இல்லை.

எழுத்து எழுத்தாகவே எச்டிஎம்எல்லில் இருக்கட்டும், நிறம், அளவு போன்ற அலங்காரத்தைச் சிஎஸ்எஸ் என்ற கோப்பில் தனியாக வையுங்கள். பக்கத்தை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்டை உலாவியில் அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். வாசிக்க முடிந்தால் தேறும். அப்புறம், டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில் பதிவாகி இருக்கட்டும்.

கே: தளம் கட்ட வேர்ட்பிரஸா, விக்ஸா?

எழுதியதை மொத்தமாக வெளியே எடுத்துப்போக எது விடுகிறதோ அது. டொமைன் உங்கள் பெயரில்.

கே: அப்பா 2002-ல் நடத்திய சிற்றிதழின் பக்கங்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. இப்போது திறந்தால் குப்பையாகத் தெரிகிறது. மீட்க முடியுமா?

முடியும். குப்பை இல்லை அது. பாமினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தவரை தமிழாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இன்று எல்லாக் கருவியும் படிக்கும் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் போட்டால் வந்துவிடும்.

ஆனால் முதலில் எந்தக் குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு, என்று பாருங்கள். அந்தக் காலத்தில் டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தோம். டிஸ்கியில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருக்கும், சிக்கல் இல்லை. பாமினியில் ஆங்கிலமும் தமிழும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களையும் அந்த மென்பொருள் தமிழாக்கி உளறும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியது. எழுத்தாக வைத்திருந்ததால்தான் மாற முடிந்தது. பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து போட்டவர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள்.

மாற்றிய பின்னும் பழைய முகவரிகளை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் 301 என்ற 'நிரந்தரமாக இடம் மாறியது' குறிப்பைப் போட்டுப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

கே: கூகுளில் முதலிடம் வர?

என் துறை இல்லை.

கே: பக்க முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா?

வேண்டாம். 'தமிழ்' கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக 45. நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ரயில் மாதிரி நீளும்.

கே: தமிழ் விக்கிப்பீடியா தமிழில்தானே வைத்திருக்கிறது? தமிழ்த் தளத்துக்கு ஆங்கில முகவரியா?

வைத்திருக்கிறது. கூடவே சுருக்க முகவரியும் தருகிறது, எதற்கென்று யோசியுங்கள்.

கே: ஆங்கில எழுத்தில் எழுதினால் மட்டும் சரியாகிவிடுமா? வாளை என்ற மீனையும் வாலையும் எப்படிப் பிரித்து எழுதுவீர்கள்?

அது நியாயம். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நான் ஆங்கிலமும் வைப்பதில்லை. வருஷமும் எண்ணும் மட்டும், 2024/137 என்று. தலைப்பை நாளைக்குத் திருத்தினாலும் முகவரி அசையாது.

கே: எண்ணில் என்ன சார் அழகு இருக்கிறது?

வீட்டுக் கதவிலக்கத்தில் என்ன அழகு இருக்கிறது? தபால்காரர் வருகிறார் இல்லையா? தலைப்பைப் பக்கத்துக்குள் தமிழில் பெரிதாக எழுதுங்கள், தேடுபொறி அதை வாசிக்கும். இதோடு முகவரி விவகாரம் போதும். இன்னும் ஆறு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள்.

கே: வேர்ட்பிரஸ் நல்லதா, விக்ஸ் நல்லதா?

மேலே.

கே: மொபைலுக்குத் தனித் தளம் வேண்டுமா?

வேண்டாம். ஒரே பக்கம், திரைக்கேற்ப மடியட்டும். 2010-லிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கே: சார், தளம் செய்துகொடுத்த பையன் போனை எடுப்பதில்லை. டொமைன் அவன் பெயரில் இருக்கிறது. என்ன செய்ய?

டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். சரி, ஆனது ஆயிற்று. இன்றிரவே எல்லாப் பக்கங்களையும் உங்கள் கணினியில் இறக்கிவிடுங்கள், முக்கியமானவற்றைப் பக்கங்களின் பிரதியைக் காக்கும் வேபேக் மெஷினிலும் சேமித்துவிடுங்கள். அவனுக்குப் பணம் கொடுத்த ரசீது, மின்னஞ்சல் எல்லாம் எடுத்து வையுங்கள். அப்புறம் டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூயிஸில் டொமைன் எப்போது காலாவதியாகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.