மருந்து புதுசு, துப்பாக்கி பழசு

மான் சீசன் நெருங்கினால் போதும், ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டா உறையில் மறுபடி வெடிமருந்து நிரப்புவது பற்றிய கேள்விகள் வந்து குவிந்துவிடும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் லீவர் துப்பாக்கியை (நெம்புகோலைக் கீழே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது) பற்றியவை. பதிலுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தத் தோட்டாவுக்கு எத்தனை கிரெய்ன் (எடை அளவு) மருந்து என்று இந்தப் பக்கத்தில் எழுத மாட்டேன். அச்சில் ஒரு எண் மாறினால் யாரோ ஒருவருக்குக் கண் போகும். அந்தக் கணக்கை மருந்துக் கம்பெனிகள் தாங்களே சோதித்து வெளியிடுகின்றன. அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனார் தன்னுடைய மார்லின் 336 லீவர் துப்பாக்கியை எனக்குக் கொடுத்துவிட்டார். .30-30. ஹாட்ஜ்டன் கம்பெனியின் 'லெவரெவல்யூஷன்' மருந்தைப் போட்டால் விநாடிக்கு 200 அடி வேகம் கூடும் என்கிறார்கள். அழுத்தத்தை ஏற்றாமல் வேகம் எப்படிக் கூடும்? இதில் ஏதாவது வில்லங்கம் உண்டா சார்?
– வாசகர், பென்சில்வேனியா

வில்லங்கம் எதுவும் இல்லை. ஆனால் விளம்பரத்தைப் படிப்பவர்கள் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

.30-30 தோட்டா 1895-இல் வந்தது. வேட்டைக்காரர்களுக்கென்று அமெரிக்காவில் புகையில்லா மருந்தோடு விற்பனைக்கு வந்த முதல் சிறு காலிபர் தோட்டா அதுதான். பெயரில் உள்ள இரண்டாவது 30, அன்று அதில் போட்ட மருந்தின் கிரெய்ன் அளவு. அந்தத் தோட்டாவுக்கு சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு வைத்திருக்கும் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு (பிஎஸ்ஐ). .308-க்கு 62,000. பழைய லீவர் துப்பாக்கிகளில், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் அதன் பின்பக்கம்தான் பூட்டிக்கொள்கிறது. சுடும்போது இரும்பு கொஞ்சம் நெகிழும், பித்தளை உறை நீளும். அதனால் எல்லையை ஏற்ற வழியே இல்லை.

அப்படியானால் வேகம் எங்கிருந்து வந்தது? அழுத்தத்தின் உச்சம் அதேதான். உச்சத்தைத் தொட்ட பிறகு அது எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய மருந்து சட்டென்று எரிந்து உச்சிக்கு ஏறி மளமளவென்று இறங்கிவிடும். புது மருந்தின் குருணைமேல் எரிதலை மட்டுப்படுத்தும் பூச்சு இருக்கிறது. முதலில் நிதானமாக எரியும், குண்டு குழலுக்குள் நகர்ந்து இடம் விட விட எரிதல் ஈடுகொடுக்கும். குண்டின் முதுகில் தள்ளல் அதிக நேரம் நிற்கிறது, வேகம் கூடுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. இது உருண்டை மருந்து, நெருக்கமாகப் படியும். .30-30-இன் சின்ன உறைக்குள் குச்சி மருந்தைவிட அதிகம் கொள்ளும்.

இப்போது விளம்பரத்தின் மறுபாதி. ஹார்னடி கம்பெனியின் அதே பெயர் கொண்ட தோட்டாவில் 160 கிரெய்ன் குண்டு 2,400 அடி வேகத்தில் கிளம்புகிறது. வழக்கமான 170 கிரெய்ன் தட்டைமூக்குக் குண்டு கிளம்புவது 2,200-இல். குழல்வாயில் வித்தியாசம் 200. ஆனால் 200 கஜம் போனதும் முன்னது 1,900-க்குச் சற்று மேலே, பின்னது 1,600-க்குச் சற்று மேலே. வித்தியாசம் ஏறக்குறைய 300 ஆகிவிட்டது! அந்தக் கூடுதல் 100 மருந்து கொடுத்ததல்ல, கூர்மூக்கு கொடுத்தது. காற்றைக் கிழிக்கும் திறனுக்கான எண் கூர்க்குண்டுக்கு 0.330, தட்டைக்கு 0.2-கூட இல்லை. நீங்கள் புது மருந்தை வாங்கி, அலமாரியில் இருக்கும் பழைய தட்டைக் குண்டையே செருகினால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு கழித்தலும் இருக்கிறது. அந்த 2,400 என்பது 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. மார்லின் 336-இல் பெரும்பாலானவற்றுக்கு 20 அங்குலக் குழல்தான். அங்குலத்துக்கு 20, 25 அடி வேகம் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் 2,300 காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்த வேண்டாம், அதுதான் நியாயமான எண்.

உங்கள் ஊர்க் காட்டில் மரத்துக்கும் மரத்துக்கும் இடையே 80 கஜம் தெரிந்தாலே பெரிது. அந்தத் தூரத்தில் நிற்கும் மானுக்கு இந்த வித்தியாசம் எதுவும் புரியாது. ஐஎம்ஆர் 3031 என்ற மருந்து 1934-இலிருந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அது ஒரு டப்பா வீட்டில் இருந்தால் தீரட்டும், அப்புறம் புதுசு வாங்கலாம். வயல் ஓரத்தில், 200 கஜத்துக்குச் சுடுபவருக்குப் புது மருந்து கட்டாயம் பிரயோஜனப்படும்.

எனக்குப் புது மருந்து பிடித்ததற்குக் காரணமே வேறு. 3031 நீளக் குச்சி. மருந்தை அளந்து கொட்டும் பவுடர் மெஷரின் கைப்பிடியை இறக்கும்போது குச்சி நடுவில் மாட்டி 'நறுக்' என்று அறுபடும். கை அதிரும், அளவும் கொஞ்சம் தப்பும். ஒவ்வொன்றையும் தராசில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். லெவரெவல்யூஷன் கசகசா மாதிரி பொலபொலவென்று இறங்குகிறது, சத்தமே இல்லை. பத்துக்கு ஒன்றைத் தராசில் வைத்தாலும் முள் அதே இடத்தில் வந்து நிற்கிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் மிச்சம்.

குழாய் மேகசினில் கூர்க்குண்டு போடவே கூடாது என்று அப்பா சொல்வார். இப்போது கூர்க்குண்டைத்தான் போடு என்கிறீர்களே?
– வாசகர், மிச்சிகன்

அப்பா சொன்னது சரி. குழலுக்கு அடியில் இருக்கும் குழாய் மேகசினுக்குள் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் அடியிலுள்ள பிரைமரில் (தட்டினால் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) முட்டிக்கொண்டு நிற்கிறது. சுடும்போது உதைக்கும் உதையில் கெட்டியான கூர்முனை பிரைமரைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும், முன்கை அங்கேதான் இருக்கும். மேலே சொன்ன கூர்க்குண்டான ஹார்னடியின் எஃப்டிஎக்ஸ் குண்டின் முனை மட்டும் விதிவிலக்கு. அது ரப்பர் மாதிரி அமுங்கும், விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தெரியும். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் கடின பிளாஸ்டிக் முனைக் குண்டுகள் அதே காலிபரில் கிடைக்கின்றன. அவை குழாய்க்குள் போகக்கூடாது. சாவேஜ் 99, பிரவுனிங் பிஎல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவற்றின் மேகசின் அமைப்பே வேறு.

.45-70-க்கு எஃப்டிஎக்ஸ் வாங்குபவர்கள் கவனிக்கவும். அந்தக் குண்டின் மூக்கு நீளம். உறையை வழக்கமான அளவைவிடக் குட்டையாக வெட்டினால்தான் தோட்டா துப்பாக்கிக்குள் சரியாக ஏறும். எவ்வளவு என்பது ஹார்னடி மேனுவலில் இருக்கிறது.

அண்ணா, என் லீவர் கார்பைன் .44 மேக்னம். லீவர் துப்பாக்கி மருந்துதானே, இதற்கும் போடலாமா?
– வாசகர், ஓஹையோ

வேண்டாம் தம்பி. டப்பாவில் லீவர் என்று எழுதியிருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது .30-30, .35 ரெமிங்டன், .308 மார்லின் எக்ஸ்பிரஸ் போன்ற ரைஃபிள் தோட்டாக்களுக்கான மருந்து. .44 மேக்னம் பிறப்பால் கைத்துப்பாக்கித் தோட்டா. அதன் உறைக்குள் இந்த மருந்து சரியாக எரியாது, பாதி எரிந்த குருணை துப்பாக்கியின் இயங்கு பொறியான ஆக்‌ஷனுக்குள் கொட்டும். எச்110, 2400 மாதிரி மருந்துகள்தான் அதற்கு. இங்கே 2400 என்பது மருந்தின் பெயர், மேலே சொன்ன வேகத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழைய டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்ட் (19-ஆம் நூற்றாண்டு ஒற்றைத் துப்பாக்கி) ஒன்று வாங்கினேன். ஏற்கெனவே மார்லின் 1895 லீவர் துப்பாக்கி இருக்கிறது. இரண்டும் .45-70. ஒரே தோட்டாவைத் தயாரித்து இரண்டிலும் சுடலாமா?
– வாசகர், டெக்சாஸ்

சுடலாம், டிராப்டோருக்கான, அழுத்தம் குறைந்த மெலிந்த தோட்டாவாக இருந்தால் மட்டும். .45-70 வந்தது 1873-இல், கருமருந்து காலம். அதனால் சாமி எல்லையே 28,000 பிஎஸ்ஐ-தான். மேனுவல்களில் இதற்கு மூன்று தனிப் பகுதிகள் இருக்கும். டிராப்டோருக்கு ஒன்று, மார்லின் போன்ற லீவருக்கு ஒன்று, ரூகர் நம்பர் 1 போன்ற முரட்டு ஒற்றைத் துப்பாக்கிக்கு ஒன்று. மூன்றுக்கும் உறை ஒன்றுதான், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மார்லினுக்கான பகுதியைப் பார்த்துச் செய்த தோட்டா டிராப்டோருக்குள் போனால் அந்த 19-ஆம் நூற்றாண்டு இரும்பு தாங்காது.

பெட்டியில் நிறம் ஒட்டி வைக்கிறேன், குழம்ப மாட்டேன் என்பார்கள். இன்று குழம்ப மாட்டீர்கள் சரி. பத்து வருஷம் கழித்து அந்தப் பெட்டியை உங்கள் மகன் திறப்பான். இரண்டு துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருக்கும்வரை வீட்டில் மெலிந்த தோட்டா மட்டும் இருக்கட்டும்.

கவ்பாய் துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு டிரெயில் பாஸ் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். கடைகளில் கிடைப்பதே இல்லை. மாற்று என்ன?
– வாசகர், அரிசோனா

எனக்கும் அதே வருத்தம்தான். நடுவில் ஓட்டை போட்ட குட்டி வளையங்களாக இருக்கும் அந்த மருந்து. எடை குறைவு, இடம் நிறைய அடைக்கும். .45 கோல்ட் என்பது கருமருந்தை ரொப்புவதற்காகச் செய்த பெரிய உறை, அதில் இன்றைய மருந்தைப் போட்டால் அடியில் ஒரு சிட்டிகை கிடக்கும், மேலே எல்லாம் வெற்றிடம். டிரெயில் பாஸ் அந்த வெற்றிடத்தை அடைத்தது. கைதவறி ஒரே உறையில் இரண்டு தரம் போட்டால் வழிந்து மேசையில் கொட்டும், உடனே தெரிந்துவிடும்.

மாற்றாகச் சொல்லப்படும் டைட்குரூப், கிளேஸ், எச்பி-38 எல்லாம் நல்ல மருந்துகள்தான். நூறு வயது தாண்டிய யூனிக்-கும் இருக்கிறது, கொஞ்சம் அழுக்கு வைக்கும், அவ்வளவுதான். ஆனால் இவற்றை .45 கோல்ட் உறைக்குள் இரண்டு தரம் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். டைட்குரூப்பை மூன்று தரம் போட்டால்கூட வழியாது. ஆகவே பழக்கத்தை மாற்றுங்கள். பிளாக்கில் (உறைகளை நிறுத்தும் ஓட்டைத் தட்டு) ஐம்பது உறைகளை நிறுத்தி மருந்து போட்டு முடித்ததும், குண்டை எடுக்கும் முன் டார்ச் விளக்கை மேலிருந்து அடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். ஒன்றில் மட்டம் உயர்ந்திருந்தால் கண்ணுக்குப் படும். போன் அடித்தால் அடிக்கட்டும், பாதியில் எழுந்து போகாதீர்கள்.

எந்த மருந்தானாலும் அளவு அந்த மருந்துக்கென்று அச்சிட்டதாக இருக்கட்டும். பெயர் ஒத்திருப்பதை நம்பாதீர்கள். எச்4895-உம் ஐஎம்ஆர் 4895-உம் ஒன்றல்ல.

மொன்டானாவில் நவம்பரில் விறைக்கும் குளிர். கோடையில் பார்த்து வைத்த குறி அப்போது மாறுமா?
– வாசகர், மொன்டானா

உருண்டை மருந்துகள் பொதுவாகக் குளிருக்குக் கொஞ்சம் சுணங்கும், வெயிலுக்குத் துள்ளும். ஹாட்ஜ்டனுக்காக ஆஸ்திரேலியாவில் தயாராகும் எச்4895, வார்ஜெட் போன்ற குச்சி மருந்துகள் இந்த விஷயத்தில் நிதானமானவை. 150 கஜத்துக்குள் சுடும் .30-30-க்கு இதெல்லாம் பெரிய கவலை இல்லை. கோடையில் உச்ச அளவில் தயாரித்த தோட்டாவை வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், அதுதான் முக்கியம்.

என் கணவர் கராஜில் ஆறேழு டப்பா மருந்து வைத்திருக்கிறார். குழந்தைகள் இருக்கும் வீடு. பயமாக இருக்கிறது. ஒரு டப்பாவைத் திறந்தால் மூக்கில் குத்துகிற வாடை வேறு.
– வாசகி, வட கரோலினா

அந்த வாடை டப்பாவை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நல்ல மருந்தில் லேசாக ஈதர், ஆல்கஹால் மணம்தான் இருக்கும். புளித்த அமில நெடி அடித்தாலோ, செங்காவி நிறத்தில் தூசியோ புகையோ தெரிந்தாலோ உள்ளே இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைச் சுடவும் கூடாது, மூடி வைக்கவும் கூடாது. உள்ளூர் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுக் கேட்டால் எப்படி அப்புறப்படுத்துவது என்று சொல்வார்கள்.

மற்றபடி பயம் வேண்டாம் அம்மா. புகையில்லா மருந்து திறந்த வெளியில் வேகமாக எரியும், அடைத்து வைத்தால்தான் வெடிக்கும். அதனால்தான் கம்பெனி டப்பா அழுத்தம் வந்தால் பிளந்துகொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. பத்திரம் என்று நினைத்து அதை இறுக்கமான இரும்புப் பெட்டகத்தில் வைப்பதுதான் ஆபத்து. வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாவிலேயே வைக்கலாம், அதற்கு மேல் 50 வரை ஓர் அங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டி வேண்டும் என்பது தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதி. உங்கள் ஊர் விதி இன்னும் கறாராக இருக்கலாம். கராஜைவிட வீட்டுக்குள் குளுமையான, ஈரமில்லாத அறை மேல். வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம். அறைக்குப் பூட்டு போடுங்கள், சாவி கணவரிடம் இருக்கட்டும்.

ஒரே பித்தளை உறையை எத்தனை தரம் நிரப்பலாம்?
– வாசகர், ஜார்ஜியா

எண்ணிக்கையை நம்பாதீர்கள், உறையைப் பாருங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் சின்னதாக மடித்துக்கொள்ளுங்கள். உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பள்ளம் போலத் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது. வெளியே அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். லீவர் துப்பாக்கியில் சுட்ட உறையில் இது சீக்கிரம் வரும், முன்பே சொன்ன நீட்சிதான் காரணம். புது மருந்தை உச்ச அளவில் போடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

நண்பர்கள் கேட்கிறார்கள். நான் செய்த தோட்டாவைக் காசுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், டென்னசி

சொந்த உபயோகத்துக்குச் செய்ய ஃபெடரல் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் 06 வகை உரிமம் வேண்டும். நண்பர்களை உங்கள் ரீலோடிங் பிரஸ் முன்னால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள், அவரவர் தோட்டாவை அவரவர் செய்துகொள்ளட்டும்.