வெள்ளிக்கிழமையை மட்டும் நம்பாதீர்கள்

கேள்வி: வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்துப் பாட்டுக் கேட்க ஒரே கணக்குதான். மகளுக்கு கே-பாப், மகனுக்கு ஸ்பானிஷ் பாட்டு. எனக்குத் தென்னாப்பிரிக்கப் பாடகி டைலாவின் பாட்டைக் கேட்டதிலிருந்து ஆப்பிரிக்கப் பாட்டு மேல் பித்து. வெள்ளிக்கிழமை காலையில் புது வெளியீடுகளைத் திறந்தால் பாதி ஏற்கெனவே கேட்ட பாட்டு, மீதியில் எனக்கு வேண்டியது இல்லை. நல்ல பாட்டெல்லாம் யாராவது ரீல்ஸில் போட்டு ஓய்ந்த பிறகுதான் என் காதுக்கு வருகிறது. வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியும். எப்படித் தேடுவது? மகள் வேறு, புதுப் பாட்டு வருகிறது என்று இரவு 12 மணி வரை விழித்திருக்கிறாள். அது அவசியம்தானா? (வாசகி, திருப்பூர்)

பதில்: மகள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த ஒற்றைக் கணக்கைக் கவனிப்போம். உங்கள் தொல்லையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பாட்டுக் கேட்கும் ஆப்பான ஸ்பாடிஃபையில் 'ரிலீஸ் ரேடார்' என்று வெள்ளிதோறும் ஒரு பட்டியல் வரும். நீங்கள் பின்தொடரும் கலைஞர்களையும், அந்தக் கணக்கில் அடிக்கடி ஒலிக்கும் கலைஞர்களையும் வைத்து அது தொகுக்கப்படுகிறது. ஒரே கணக்கில் மூன்று பேர் கேட்டால், அதன் பார்வையில் நீங்கள் மூவரும் சேர்ந்த ஒரே ஆள். கொரியாவின் சோல், போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான், நைஜீரியாவின் லாகோஸ் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டித் தருகிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இலவசக் கணக்கானாலும் பரவாயில்லை. அடுத்து, பாட்டுக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டுவதோடு நிற்காமல், கலைஞரின் பக்கத்துக்கே போய் 'ஃபாலோ' கொடுங்கள். இந்த இரண்டையும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். முன்னது பாட்டைச் சேமிக்கிறது, பின்னதுதான் அடுத்த வெளியீட்டை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறது. 15 பேரைப் பின்தொடர்ந்தால் போதும். நூறு பேரைப் பின்தொடர்ந்தால் மறுபடி அதே பானைதான்.

சரி, வெள்ளிக்கிழமை எங்கிருந்து வந்தது? 2015 ஜூலை 10-க்கு முன்னால் நாட்டுக்கு ஒரு நாள் இருந்தது. அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள், ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் வெள்ளி. ஓர் ஊரில் வெளியான பாட்டு அடுத்த ஊரில் வெளியாவதற்குள் திருட்டுப் பிரதி சுற்றிவிடும். அதனால் ஒலிப்பதிவு நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு எல்லோருக்கும் வெள்ளி என்று வைத்தது. பாட்டுகளை வாராவாரம் தரவரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்டு, பிரிட்டனின் அதிகாரபூர்வப் பட்டியல் இரண்டும் வெள்ளி முதல் வியாழன் வரை எண்ணுவதும் அதையொட்டித்தான். ஏழு நாளும் முழுசாகக் கணக்கில் சேரவேண்டும் என்பதால் ஆங்கில பாப் பெரும்பாலும் வெள்ளியை விடுவதில்லை. பெரிய அமெரிக்க ஆல்பங்கள் பல நியூயார்க்கின் நள்ளிரவில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வருகின்றன. நமக்கு அது கோடையில் காலை 9.30, அங்கே குளிர்காலக் கடிகாரம் ஓடும்போது 10.30. மற்றவை அந்தந்த நாட்டின் நள்ளிரவில் வரும்.

ஆனால் வெள்ளி ஒரு வழக்கம்தான், சட்டமில்லை. உங்கள் மகனிடமே கேளுங்கள். போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னியின் 2025 ஆல்பம் ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் மூன்று ராஜாக்கள் திருநாள். போர்ட்டோ ரிக்கோவில் அது குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் பண்டிகை. தன் தீவைப் பற்றிய ஆல்பத்தை அதன் முந்தைய நாளில் கொடுத்தார். ஞாயிறு தொடங்கி எண்ணியதால் பில்போர்டில் முதல் வாரம் 2-ஆம் இடம், முழு வாரம் கிடைத்ததும் 1. பட்டியலைவிடப் பண்டிகை முக்கியம் என்று முடிவெடுக்கிற துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது. மெக்சிகோவின் கதை சொல்லும் கொரிடோ பாட்டுகளும் அவன் ஆப்பில் ஸ்பானிஷ் என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வரும். கொரிடோ பாடும் பெசோ ப்ளூமாவின் கித்தாரும் ட்ராம்போனும் ஓர் உலகம், கரீபிய நடன இசையான ரெகேட்டோன் வேறோர் உலகம். எது பிடிக்கிறது என்று அவன் பிரித்துப் பார்த்தால் தேடல் பாதியாகக் குறையும்.

கே-பாப்புக்கு வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேருந்து போய்விட்டது என்று அர்த்தம். கொரியாவில் வாராந்தர இசை நிகழ்ச்சிகள் வரிசையாக வருகின்றன: வியாழன் 'எம் கவுண்ட்டவுன்', வெள்ளி 'மியூசிக் பேங்க்', சனி 'மியூசிக் கோர்', ஞாயிறு 'இன்கிகாயோ'. வார முதல் பாதியில் பாட்டை விட்டால் அந்த வாரமே நான்கு மேடையும் ஏறலாம். அதனால் திங்கள், செவ்வாய் வெளியீடுகள் சகஜம். நேரத்துக்கும் ஒரு கதை உண்டு. முன்பு அங்கே நள்ளிரவு வெளியீடு வழக்கம். ரசிகர்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அதை விடியற்காலைப் பட்டியலின் உச்சியில் ஏற்றிவிடுவார்கள். 2017-ல் விதி மாறியது. பகல் 12-க்கும் மாலை 6-க்கும் இடையில் வந்தால்தான் மணிக்கு மணி மாறும் நேரடிப் பட்டியலில் உடனே சேரும், இல்லையென்றால் மறுநாள் பகல்தான் என்று அப்போது ஆனது. அன்றிலிருந்து மாலை 6 மணி ஊன்றிவிட்டது. அமெரிக்கப் பட்டியலையும் குறிவைப்பவர்கள் மட்டும் வெள்ளி பகல் 1 மணிக்கு விடுவார்கள். கொரியக் குழுவான பிடிஎஸ் 2020 ஆகஸ்ட் 21 அன்று தன் முதல் முழு ஆங்கிலப் பாட்டை அப்படித்தான் விட்டது. சோலில் பகல் 1 என்றால் நியூயார்க்கில் அப்போது சரியாக நள்ளிரவு.

கொரிய நிறுவனங்கள் வெளியீட்டுக்கு வாரக்கணக்கில் முன்பே அட்டவணை ஒட்டிவிடும். அதில் உள்ள கொரிய நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரம் கழித்தால் நம் நேரம். அங்கே 'கம்பேக்' என்றால் ஓய்விலிருந்து திரும்புவது என்று பொருளில்லை, எந்தப் புது வெளியீடும் கம்பேக்தான். 'சிங்கிள் ஆல்பம்' என்றால் இரண்டு மூன்று பாட்டு. 'ரீபேக்கேஜ்' என்றால் பழைய ஆல்பத்தோடு ஓரிரு புதுப் பாட்டு. அதற்குக் காசு கொடுக்கும் முன் மகளை நன்றாக யோசிக்கச் சொல்லுங்கள்!

ஜப்பான் பக்கம் போனால், குறுந்தட்டுக்கு இன்னமும் புதன்கிழமைதான். அங்கே அனிமே என்கிற கார்ட்டூன் தொடர்களும் ஒரு நாட்காட்டி. யோஅசோபி என்ற ஜப்பானியக் குழுவின் 'ஐடல்' 2023 ஏப்ரல் 12-ல் வந்தது. அது எந்தத் தொடரின் தொடக்கப் பாட்டோ அந்தத் தொடரும் அன்றே தொடங்கியது, அதுவும் புதன்தான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் புதுத் தொடர்கள் தொடங்கும்போது எட்டிப் பார்த்தால் போதும்.

இப்போது உங்கள் ஆப்பிரிக்கப் பாட்டு. ரீல்ஸில் ஓய்ந்த பிறகுதான் காதுக்கு வருகிறது என்று வருத்தப்பட்டீர்களே, வருத்தமே வேண்டாம். அந்த இசை ஊரும் வேகமே அதுதான். நைஜீரியாவின் ரெமா 'காம் டவுன்' பாட்டை 2022 பிப்ரவரியில் விட்டார். ஆகஸ்டில் செலினா கோமஸ் சேர்ந்த மறுவடிவம் வந்தது. அமெரிக்காவில் 3-ஆம் இடத்தைத் தொட்டது 2023-ல். டைலாவின் 'வாட்டர்' 2023 ஜூலையில் வந்து, அக்டோபரில்தான் அமெரிக்கப் பட்டியலுக்குள் நுழைந்தது. அடுத்த பிப்ரவரியில் சிறந்த ஆப்பிரிக்க இசைக்கான முதல் கிராமி விருதும் அதற்கே. பட்டியல்காரர்களுக்கே பல மாதம் பிடித்ததென்றால் நீங்கள் எதையும் தவறவிடவில்லை. இங்கே 'புதிது' என்பது வெளியான தேதி அல்ல, பாட்டு ஊர் விட்டு ஊர் வந்து சேர்கிற தேதி.

முந்திக் கேட்கத்தான் வேண்டும் என்றால் ஊற்றுக்கே போங்கள். டைலாவின் பாட்டில் நீங்கள் மயங்கியதில் ஒரு பங்கு அமாபியானோ. தென்னாப்பிரிக்காவின் கௌதெங் மாகாணத்தில், டவுன்ஷிப் எனப்படும் புறநகர்க் குடியிருப்புகளில் 2010-களில் உருவான நடன இசை அது. நெஞ்சுக்கூட்டில் இடிக்கிற மாதிரி ஒரு தாழ்ந்த ஒலி கேட்குமே, அதை 'லாக் டிரம்' என்பார்கள். பேர்தான் மேளம், பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செய்கிற பேஸ் ஒலி. இந்த இசையில் பாடுபவரைவிடத் தயாரிப்பாளர் முக்கியம், ஒரே பாட்டுக்கு ஐந்தாறு பேர் இருப்பது சாதாரணம். ஆகவே கப்ஸா டி ஸ்மால், டிஜே மஃபோரிசா, இன்னும் மென்மையாக வேண்டுமானால் கெல்வின் மோமோ என்று தயாரிப்பாளர்களைப் பின்தொடருங்கள். அவர்கள் வழியாகப் பாடகர்கள் தாமாக வந்து சேர்வார்கள். ஆறு ஏழு நிமிடம் ஓடுகிற பாட்டுகள் இவை. முதல் ஒன்றரை நிமிடத்தில் ஒன்றும் நடக்காது, தள்ளிவிடாதீர்கள். அது ஆலாபனை மாதிரி.

தேடும்போது ஓர் எழுத்தில் ஏமாறவேண்டாம். 'ஆஃப்ரோபீட்' என்று தேடினால் நைஜீரியாவின் ஃபெலா குட்டியின் 1970-களின் நீண்ட, அரசியல் காரம் ஏறிய இசை வரும். இன்றைய நைஜீரியப் பாடகர்களான விஸ்கிட், பர்னா பாய், ரெமா எல்லாம் கடைசியில் 'ஸ்' சேர்த்த 'ஆஃப்ரோபீட்ஸ்'. இரண்டும் வேறு வேறு. முன்னதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள், அது தனிக் கதை.

பாதி பழைய பாட்டாக இருக்கிறதே என்றீர்கள். அது உங்கள் கண்ணின் பிழையில்லை. ஒரு கலைஞர் மாதம் ஒரு பாட்டாக விடும்போது, ஒவ்வொரு முறையும் முந்தைய பாட்டுகளையும் அதே வெளியீட்டில் சேர்த்துவிடுவார். மூன்றாவது பாட்டு வரும்போது அட்டையில் மூன்று பாட்டு இருக்கும், புதிது ஒன்றுதான். புதிதைத் தேடி வருகிறவர் பழையதையும் கேட்டு எண்ணிக்கை கூடட்டும் என்ற கணக்கு. இதை 'வாட்டர்ஃபால்' முறை என்பார்கள். இதுபோக டீலக்ஸ் பதிப்பு, வேகம் கூட்டிய வடிவம், நேரடி நிகழ்ச்சிப் பதிவு என்று ஒரே சோறு பல பாத்திரத்தில் வரும். டீலக்ஸ் என்று கண்டால் கடைசியில் இருக்கும் பாட்டுகளை முதலில் பாருங்கள், புதிது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று கலைஞர்கள் இருப்பதும், யாரோ போட்ட பாட்டு தவறான பக்கத்தில் ஏறிவிடுவதும் நடக்கிறது. சந்தேகம் வந்தால் கலைஞரின் யூடியூப் சேனலில் அந்தப் பாட்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் அரை மணி நேரத்தை நான் வெள்ளிக்கிழமையில் வைக்கமாட்டேன். உலகம் முழுக்க நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் பாட்டுகள் ஏறுகின்றன. வெள்ளியன்று அந்தச் சந்தையில் நுழைந்தால் கால் வைக்க இடமிருக்காது. ஞாயிறு காலை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்பாடிஃபையில் 'வாட்ஸ் நியூ' பகுதியைத் திறந்தால், நீங்கள் பின்தொடர்பவர்களின் வெளியீடுகள் மட்டும் தேதி வரிசையில் இருக்கும். அதற்குப் பத்து நிமிடம் போதும். பிறகு ரிலீஸ் ரேடாரைப் புரட்டி, பிடித்ததைத் தனிப் பட்டியலில் போடுங்கள், அங்கேயே உட்கார்ந்து முழுசாகக் கேட்கவேண்டாம். மீதி நேரத்தைப் போன மாதப் பட்டியலுக்குக் கொடுங்கள். அன்று சுமாராகத் தோன்றிய பாட்டு நாலு வாரம் கழித்து வேறு மாதிரிக் கேட்கும். ஆப்பிரிக்கப் பாட்டில் எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. மாதம் ஒருமுறை, கேட்டும் மனதில் ஒட்டாத கலைஞர் இருவரைப் பின்தொடர்வதை நிறுத்துங்கள்.

மகள் விழித்திருக்கும் விஷயம். பெரிய அமெரிக்க ஆல்பமாக இருந்தால்கூட நமக்கு அது பெரும்பாலும் காலை 9.30 அல்லது 10.30தான், நள்ளிரவு இல்லை. அவளுடைய கொரியக் குழுவின் பாட்டு சோலில் மாலை 6 மணிக்கு வருகிறதென்றால், திருப்பூரில் அது பிற்பகல் 2.30. நள்ளிரவில் அவள் காத்திருப்பது அநேகமாக டீசருக்கு. அங்கே டீசர்கள் அவர்கள் நள்ளிரவில் வருவது வழக்கம்; நமக்கு அப்போது இரவு 8.30தான். அட்டவணையில் உள்ள கொரிய நேரத்தை நம் நேரம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிட்டுத் தூங்கப் போகட்டும். பாட்டு வருகிற 2.30-க்கு அவள் வகுப்பில் இருப்பாள், அதற்கு என்னிடம் வழியில்லை.