மூன்று பேர் கேட்கிறார்கள், குட்டியை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: பள்ளத்தூர் பேருந்து நிறுத்தத்தில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை இரண்டு மாதமாக வளர்க்கிறேன். இப்போது அதற்கு நான்கு மாதம் இருக்கும். நல்ல இடம் அமையும் வரைதான் என்று வீட்டில் சொல்லி எடுத்து வந்தேன். ‘உட்கார்’, ‘வா’ இரண்டும் பழகிவிட்டது. ஆனால் ஆட்டம் தாங்கவில்லை; வேட்டி நுனி, செருப்பு, விளக்குமாறு எதையும் விடுவதில்லை. மூன்று பேர் கேட்கிறார்கள். கானாடுகாத்தானில் பெரிய வீடு வைத்திருப்பவர் ஒருவர், குடியிருப்பது சென்னையில். வீட்டுக்கு வாட்ச்மேன் உண்டு, 5,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். காரைக்குடியில் இரண்டு வயதுக் குழந்தையோடு வேலைக்குப் போகும் தம்பதி. தேவகோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் மனைவி, ஏழாவது படிக்கும் பேரன். யாருக்குக் கொடுக்கலாம்? பணம் வாங்கலாமா?

பதில்: அந்த 5,000 ரூபாயை முதலில் மறந்துவிடுங்கள். காசு கொடுப்பவர் நன்றாக வளர்ப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தடுப்பூசிக்கு ஆன செலவை மட்டும் ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்வதில் தப்பில்லை.

பெரிய வீடு என்றதும் எல்லோரும் மயங்குகிறோம். நானும் மயங்கியிருக்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு, குட்டி ஓடித் திரியும் என்று நம்பி ஒருமுறை கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பின்கட்டுத் தூணில் நாலடிச் சங்கிலி. வீடு எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, குட்டிக்குக் கிடைத்தது அந்த நாலடிதான். ஆளில்லா வீட்டுக்குக் காவல் வேண்டுமென்றால் பூட்டும் கேமராவும் போதும். விளையாட ஆள் தேடும் குட்டியைத் தனியே கட்டிப்போட்டால் ஓயாமல் குரைக்கும், கடிக்கவும் பழகும்.

காரைக்குடித் தம்பதி மேல் குறையில்லை, காலம்தான் சரியில்லை. நான்கு மாதத்தில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கத் தொடங்கும். ஏழு மாதம் வரை கண்டதையும் கடிக்கும். இரண்டு வயதுக் குழந்தையின் கை அதன் வாய் உயரத்தில்தான் இருக்கும், பகலில் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. இரண்டு வருடம் போகட்டும், வளர்ந்த நாயாகக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் ஓட்டு தேவகோட்டைக்கு. ஆனாலும் ஒருமுறை குடும்பத்தோடு உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அன்றைக்குக் குட்டியைக் கட்டிவைக்க வேண்டாம். ஆசிரியரின் வேட்டியைப் பிடித்து இழுக்கட்டும். சிரித்துக்கொண்டே கையில் ஒரு கயிற்றையோ பந்தையோ எடுத்தால் சரியான ஆள். காலை உதறினால் யோசியுங்கள். பேரன் ஊருக்குத் திரும்பிவிட்டால் காலையும் மாலையும் நடத்திப் போவது யார் என்றும் கேட்டுவிடுங்கள். ‘நாங்கதான், வேற யாரு’ என்று ஆசிரியரின் மனைவி சொன்னால் பாதிக் கவலை விட்டது.

வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையா? அழகுதான், ஆனால் வழுவழுப்பு. ஓடும் குட்டிக்குக் கால் சறுக்கும், மூட்டுக்கு நல்லதில்லை. விளையாடும் இடத்தில் கயிற்றுப் பாய் விரிக்கச் சொல்லுங்கள். சுக்கா வறுவலில் மிஞ்சிய எலும்பைப் போடக் கூடாது. வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் அதற்கு நஞ்சு.

கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும், உரிய வயதில் கருத்தடை, முடியாமல் போனால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித் தருவது. வளர்த்த பிராணியைக் காரணமின்றிப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவையுங்கள். முதல் இரண்டு வாரம் வெள்ளோட்டம் என்று வைத்துக்கொண்டால் இரு பக்கமும் சங்கடமில்லை.

அப்புறம், தடுப்பூசி அட்டையோடு அது படுத்துக் கிடந்த சாக்கையும் கொடுத்தனுப்புங்கள். துவைத்துவிடாதீர்கள், உங்கள் வீட்டு வாசனை இருந்தால்தான் முதல் இரவு ஊளையிடாமல் தூங்கும்.