ஊர் கொடுத்த பெயரா, பழம் கொடுத்த பெயரா?

மதிப்பிற்குரிய ஐயா,

வேலை நிமித்தமாகக் கனடாவின் சாஸ்கட்டூன் நகருக்கு வந்திருக்கிறேன். சுண்டைக்காய் அளவில், கருநீல நிறத்தில் ஒரு பழத்தை இங்கே 'சாஸ்கட்டூன் பெரி' என்று விற்கிறார்கள். சேலத்து மாம்பழம்போல இதுவும் ஊரால் வந்த பெயர்தானே? வீட்டில் நாங்கள் 'கனடா நாவல்' என்கிறோம். தாங்களும் அப்படியே எழுதலாமே?

ந.

அன்புள்ள ந.,

இங்கே ஊர்தான் பழத்திடம் கடன்பட்டிருக்கிறது. டொராண்டோவின் மதுவிலக்குக் குடியேற்றச் சங்கத்தார் 1882-இல் அந்த ஆற்றங்கரையைத் தெரிவு செய்தபோது, அங்கே மண்டியிருந்த புதரின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள்.

கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ மக்களின் மொழியில் அந்தப் புதர் 'மிசாஸ்க்வத்'. 'மின்' என்பது பழம். பன்மை ஈறும் சேர்ந்தால் 'மிசாஸ்க்வதோமினா'. ஸ்ட்ராபெரியை 'இதயப் பழம்' என்று அவர்கள் அழைக்கும் சொல்லின் ஈற்றிலும் இதே 'மின்'தான் நிற்கிறது. குடியேறியவர்கள் தங்கள் நாவுக்கு ஏற்பச் சொல்லின் தலையையும் வாலையும் நறுக்கியபோது, வாலோடு பழமும் போய்விட்டது. நாவற்பழத்திலிருந்து 'பழ'த்தை வெட்டிவிட்டு வேற்றுமொழிச் சொல்லால் ஒட்டுப்போட்டதைப்போல, 'பெரி' பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

ராக்கி மலைகளுக்கு மேற்கே வாழும் ஓகநாகன் மக்களிடம் இதன் பெயர் 'சியா'. முடிவில் தொண்டை சற்றே அடைபடும் ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. (கடையில் விற்கும் சியா விதைக்கும் இதற்கும் உறவில்லை.) மனிதர் வருமுன்பே அவர்களுக்கு எதை உணவாக்குவது என்று கூடிப் பேசிய நான்கு தலைவர்களாகக் கருங்கரடி, சால்மன் மீன், ஒரு கசப்புக் கிழங்கு ஆகியவற்றோடு இந்தப் பழத்தையும் அம்மக்களின் தொல்கதை வைக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா மக்களோ ஜூன் மாதத்தையே இப்பழம் நன்றாகப் பழுக்கும் நிலவு என்கிறார்கள். உலர்த்தி இடித்த காட்டெருமை இறைச்சியையும் உருக்கிய கொழுப்பையும் சேர்த்துச் செய்யும் பெமிக்கனில், வட அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடி மக்கள் இதன் வற்றலையும் கலந்தார்கள்.

'கனடா நாவ'லில் எனக்கு உடன்பாடில்லை. நாவலுக்கு ஒற்றைக் கொட்டை. இதைப் பிட்டுப் பாருங்கள், சிறு சிறு விதைகள் இருக்கும், கடித்தால் லேசாக வாதுமை வாசம் வரும். நாவலைப்போல் தொண்டையைக் கட்டாது. உண்மையில் இது ஆப்பிளுக்கு உறவு. வீட்டில் எப்படி அழைத்தாலும் குற்றமில்லை. நான் எழுதும்போது, முதல் முறை 'மிசாஸ்க்வதோமினா' என்று முழுமையாகவும், பிறகு சுருக்கமாகச் 'சாஸ்கட்டூன்' என்றும் எழுதுவேன்.