அலங்காரத்தம்மாளாக யார் நடிக்க வேண்டும்?

கேள்வி: ஒரு தமிழ் நாவலைப் படமாக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் எந்த நாவலை எடுப்பீர்கள்? இயக்குநர் யார், நடிகர்கள் யார் யார்?

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’. இதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவையில்லை. 1966-இல் வந்த நாவல். பல வருஷமாக மனசுக்குள் இதற்கு ஆள் தேர்வு செய்துகொண்டே இருக்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்வேன், வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அப்பு காவிரிக்கரையில் பவானியம்மாள் நடத்தும் பாடசாலையில் 16 வருஷம் வேதம் படித்தவன். அங்கேயே வளர்ந்த இளம் விதவை இந்து அவனை விரும்புகிறாள். அவன் மறுக்கிறான். படிப்பை முடித்துச் சென்னை வீட்டுக்குத் திரும்பினால், அம்மா அலங்காரத்தம்மாளுக்கும் சிவசு என்கிற பணக்காரருக்கும் உள்ள உறவு தெரியவருகிறது. அப்பா தண்டபாணிக்கும் அது தெரியும், பேசாமல் இருக்கிறார். அப்பு காவிரிக்கரைக்கே திரும்பி வருகிறான். அம்மா காசிக்குப் போகிற வழியில் அவனைப் பார்க்க வருகிறாள்.

ஜானகிராமன் இந்த நாவலில் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தில்தான் இதன் உயரம் இருக்கிறது. அலங்காரம் ஏன் இப்படி ஆனாள் என்று அவர் காரணம் காட்டவில்லை. புருஷன் கொடுமைக்காரன் இல்லை, வறுமை துரத்தவில்லை, சிவசு மிரட்டவும் இல்லை. அவள் கணக்கு அவளுக்கும் அவள் தெய்வத்துக்கும் நடுவில் இருக்கிறது. பிள்ளையை வேதத்தில் கரைசேர்த்துவிட்டால் தன் பாவம் பொசுங்கும் என்று நம்பியவள் அவள். படத்துக்கு ஆள் தேர்வு செய்யும்போது நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான்: ஒரு நடிகர் வந்து நின்றாலே அலங்காரத்தின் மேல் இரக்கமோ தீர்ப்போ எழும் என்றால், அவர் எத்தனை பெரிய நடிகராக இருந்தாலும் இந்தப் படத்துக்கு வேண்டாம்.

அதனால்தான் ரேவதியைக் கடந்து வந்தேன். எனக்கு மிகவும் பிடித்த நடிகை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த கணமே ‘பாவம், என்ன கஷ்டமோ’ என்று நாம் அவர் பக்கம் போய்விடுவோம். ரம்யா கிருஷ்ணனிடம் வேண்டிய கம்பீரம் இருக்கிறது, ஆனால் ‘பாகுபலி’ சிவகாமி கூடவே வந்து உட்கார்ந்துவிடுவார்.

என் அலங்காரம் ஷோபனா. ‘மணிச்சித்திரத்தாழு’ ஷோபனா எல்லோருக்கும் தெரியும், நான் சொல்வது 2020-இல் வந்த ‘வரனே ஆவஸ்யமுண்டு’ மலையாளப் படத்து ஷோபனா. சென்னையில் நடக்கும் கதை. அதில் அவர் கல்யாண வயதில் இருக்கும் பெண்ணின் தாய். அம்மாவுக்கு ஒருவர் மேல் பிரியம் வந்தது மகளுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தின் எதிரில் ஷோபனா நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். கெஞ்சல் இல்லை, சீறலும் இல்லை. முதுகு நிமிர்ந்தே இருக்கும். நாவலில் அலங்காரம் நடந்து வந்தால் வீடே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி இருக்கும். நாட்டியத்தில் ஊறிய உடம்புக்கு அந்த நடை தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. அபிநயம் பழகிய கண் எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்க்கும். பாதிக் காட்சிகளில் அவரைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் எடுத்தால் போதும். குரல் அவருடையதாகவே இருக்க வேண்டும், படப்பிடிப்பிலேயே பதிவான குரலாக. டப்பிங்கில் வேறொருவர் குரல் வந்தால் அலங்காரம் போய்விட்டாள்.

சிவசுவுக்கு அரவிந்த் சுவாமி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 1991-இல் வந்த ‘தளபதி’யில் ஷோபனா கல்யாணம் செய்துகொள்வது அவரைத்தானே, அந்த ஞாபகம் சேர்ந்தால் அழகாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில்தான் பயம். அத்தனை லட்சணமான மனிதர் வாசலில் வந்து நின்றால், ‘சரிதான், யாராக இருந்தாலும் மயங்குவார்கள்’ என்று ரசிகன் தானே ஒரு காரணத்தை எழுதிக்கொள்வான். ஜானகிராமன் எழுதாததை நடிகர் தேர்வு எழுதிவிடும். அழகம்பெருமாள் சரியாக இருப்பார். நிலபுலன் உள்ள மனிதரின் நிதானம் அவரிடம் உண்டு. தவிர இந்தப் பாத்திரத்துக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கடைசிக் குழந்தைகளின் முகத்தில் சிவசுவின் சாயல் தெரிய வேண்டும். வசனமில்லாமல், தம்பி சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிரும்போது அப்புவுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் அது தெரிய வேண்டும். ஒப்பனையால் நடக்கிற காரியம் இல்லை இது. குழந்தை நடிகரையும் சிவசுவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துத்தான் இருவரையும் முடிவு செய்ய வேண்டும்.

தண்டபாணி வேடம் டெல்லி கணேஷுக்கு உரியது என்றே நினைத்திருந்தேன். 2024 நவம்பரில் அவர் காலமானார். ‘நவரசா’ குறும்படத் தொகுப்பில், ஜானகிராமனின் ‘பாயசம்’ கதையை வைத்து எடுத்த படத்தில், பொறாமை தாங்காமல் கல்யாண வீட்டுப் பாயசத்தையே கவிழ்த்துவிடும் கிழவராக அவர் நடித்ததைப் பார்த்தவர்களுக்கு என் ஏக்கம் புரியும். இப்போது எம். எஸ். பாஸ்கரைச் சொல்வேன். பல வருஷம் டப்பிங்கில் குரலை வைத்தே பிழைத்த மனிதர், ‘எட்டு தோட்டாக்கள்’ படத்தில் ஓசையே எழுப்பாமல் நம்மை உலுக்கினார். ஜோசியம் பார்த்துக்கொண்டு, ஊருக்கு வேதாந்தம் சொல்லிக்கொண்டு, தன் வீட்டில் நடப்பதைத் தெரிந்தே சுமக்கும் மனிதர் தண்டபாணி. அவரைக் கோழை என்று நினைக்கவைத்தால் படம் தோற்றது. பாஸ்கர் அதைத் தடுப்பார்.

இந்துவாக அதிதி பாலன். அதே ‘பாயச’த்தில் இளம் விதவையாக வந்தவர் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் ‘அருவி’. இந்து அழுகிற பெண் இல்லை, கேட்கிற பெண். அப்பு தள்ளிவிடும்போது, கோபத்தில் அவன் அம்மாவைப் பற்றியே ஒரு சொல்லை எறிந்துவிடுகிறாள். கதை முழுக்க அந்தச் சொல்லிலிருந்துதான் அவிழ்கிறது. அந்த இடத்தில் குரல் ஓங்காமல் வார்த்தை மட்டும் பாயவேண்டும். பவானியம்மாளுக்கு வடிவுக்கரசி, அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

இயக்குநர் வசந்த் எஸ். சாய். ‘பாயசம்’ எடுத்தவர் என்பதற்காக மட்டும் இல்லை. ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் மூவரின் கதைகளை வைத்து எடுத்த படம். அதில் பார்வதி நடித்த தேவகி பகுதியில், ஒரு பெண் டைரி எழுதுகிறாள் என்பதற்காகக் குடும்பமே கொந்தளிக்கிறது. அந்த டைரியைப் பிரித்து நம் முன் வைக்கும் ஆசைக்கு வசந்த் இடம் கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவளிடமே விட்டுவைக்கத் தெரிந்த இயக்குநர் கையில்தான் அலங்காரத்தைக் கொடுக்க முடியும். ‘மெய்யழகன்’ பிரேம்குமார் பெயரும் மனதில் வந்தது, தஞ்சாவூர் மண் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் படங்கள் நம்மை உருக்கிவிடும், இந்தக் கதையில் கடைசிவரை யாரும் உருகக் கூடாது. மகனை ரிஷியாக்க நினைத்த தாய், நீயும் உன் அம்மாவின் பிள்ளைதான் என்கிற பொருளில் பேசிவிட்டுக் காசிக்குக் கிளம்பும் இடத்தில் வயலின் எழுந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இரண்டு மணி நேரப் படமாக மட்டுமே இது வரலாம். எட்டு எபிசோட் வெப் சீரிஸ் என்று ஆரம்பித்தால் மூன்றாவது எபிசோடில் அலங்காரமும் சிவசுவும் முதன்முதலில் சந்தித்த ஃபிளாஷ்பேக் கட்டாயம் வந்துவிடும். பாட்டும் வேண்டாம். 1995-இல் ‘மோகமுள்’ளை ஞான ராஜசேகரன் எடுத்தபோது இளையராஜாவின் இசைக்குக் கதையிலேயே இடம் இருந்தது, அது சங்கீதக்காரனின் கதை. இங்கே சந்தை, அதாவது வேதப் பாடம், சொல்லும் பிள்ளைகளின் குரல் போதும். குரு ஒரு தடவை சொல்ல, பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லும் அந்த ஓசைதான் படத்தின் இசை.

அதனால்தான் அப்புவுக்குப் பெயர் தெரிந்த நடிகர் யாரையும் நான் சொல்லவில்லை. புதுமுகம், 24 வயதுக்குள். வேத உச்சரிப்புக்கு உதட்டசைவு போட்டு ஏமாற்ற முடியாது. மூச்சு எங்கே நிற்கிறது, ஸ்வரம் ஏறும்போது கழுத்து என்ன செய்கிறது என்பதெல்லாம் திரையில் காட்டிக்கொடுத்துவிடும். கர்நாடக சங்கீதம் கற்ற பையன் ஒருவனைப் பிடித்து, ஆறு மாதமாவது கும்பகோணம் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரையில் உட்காரவைக்க வேண்டும். குடுமியும் அவனுடையதாகவே வளரட்டும், விக் வேண்டாம். காவிரியில் தண்ணீர் இருக்கும்போது படம் எடுத்தாக வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், ஆடியில் ஆற்றுக் காட்சிகளைத் தொடங்கலாம். அப்படியென்றால் தை பிறப்பதற்குள் அந்தப் பையன் கிடைத்தாக வேண்டும். மற்ற தேதிகளையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.